பயிற்சிக் களத்தின் அதபு

பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் தோல் தொழிலை நம்பி வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகளும் இன்று அஸருக்குப் பின் கராத்தே, சிலம்பம் முதலிய பயிற்சிகளுக்குச் செல்கின்றனர். உடல் வலுப்பெறுவதை மார்க்கம் மறுக்கவில்லை. பெருநாளன்று அபிசீனியர் மதீனாப் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனைத் தடுக்கவில்லை; அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் கண்டு மகிழச் செய்தார்கள். அம்பெய்தலைக் கற்றபின் கைவிட்டவரைக் கடிந்துரைத்த செய்தியும் ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. ஆகவே பெற்றோர் என்னிடம் கேட்பது, அனுப்பலாமா என்பதன்று. "ஹஸ்ரத், வகுப்பு தொடங்கும்போது ஆசிரியர் முன் இடுப்பை வளைத்துக் குனியச் சொல்கிறார்களே, அது ஆகுமா?" என்பதே கேள்வி.

சகோதரனைச் சந்திக்கும்போது அவனுக்காகக் குனியலாமா என்று ஒருவர் வினவ, அண்ணலார் (ஸல்) அவர்கள் வேண்டாமென மறுத்துக் கைகொடுத்தலை அனுமதித்த செய்தியை அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாகத் திர்மிதி பதிவு செய்துள்ளார்கள். ருகூவும் ஸுஜூதும் படைத்தவனுக்கு உரியவை. எனவே முகமனுக்காகக் குனிவதை நம் ஃபுகஹாக்கள் மக்ரூஹ் என்றனர். எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜப்பானியருக்குக் குனிதல் வணக்கமன்று. கடைக்காரர் வாடிக்கையாளருக்குச் செய்யும் உபசாரமே அது. அறியாமல் குனிந்துவிட்ட சிறுவனை ஷிர்க்கில் விழுந்தவன்போல் வீட்டில் நடத்துவது அறிவுடைமையாகாது. நம் சிலம்பத்திலும் ஆட்டத்திற்கு முன் செய்யும் முதல் வரிசைக்குச் 'சலாம் வரிசை' என்றே பெயர். சொல் நம்முடைய அரபியிலிருந்து வந்தது. செயலோ பல களங்களில் மண்ணைத் தொட்டுக் கும்பிடுவதாக இருக்கிறது! சொல்லுக்கு உரிய பொருளை அந்த இடத்தில் நம் பிள்ளைகளாவது நிரப்பலாமே. நிமிர்ந்து நின்று, கண் தாழ்த்தி, தெளிவாக ஒரு ஸலாம். முஸ்லிமல்லாத ஆசிரியராயின் அவருக்கு உகந்த மரியாதைச் சொல்.

ஆனால் என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. குனிய மறுத்த மாணவன், அம்மறுப்போடு தன் கடமை முடிந்தது என எண்ணிக்கொள்கிறான். அவனே வகுப்புக்குப் பிந்தி வருகிறான். ஆசிரியர் பேசும்போது இடைமறிக்கிறான். இளைத்தவன் எதிரே நின்றால் கையை ஓங்கிவிடுகிறான். இவன் மார்க்கத்தைக் காத்தானா, மார்க்கத்தின் பெயரால் தன் முரட்டுத்தனத்தைக் காத்தானா? வெளியடையாளம் ஒன்றை விலக்கியவன், அந்த அடையாளம் எதைக் குறித்ததோ அதனைப் பிறரினும் கூடுதலாகச் செலுத்தக் கடன்பட்டவன் என்பதே என் கருத்து. நவீன கராத்தேயை வளர்த்த ஃபுனகோஷி கிச்சின் (1868-1957) வகுத்த இருபது நெறிகளில் முதலாவது மரியாதையைப் பற்றியதே என்பதையும் அவன் அறிந்துகொள்ளட்டும்.

தக்காணத்தில் மல்யுத்தக் கூடத்திற்குத் 'தாலீம்' என்று பெயர். நம் மதரஸாக்களில் ஓதப்படும் இமாம் ஸர்னூஜியின் 'தஃலீமுல் முதஅல்லிம்' என்ற நூற்பெயரில் உள்ளதும் இதே சொல்தான். ஆசிரியருக்கு முன்னால் நடவாமை, அவர் இடத்தில் அமராமை, அவர் அனுமதியின்றிப் பேச்சைத் தொடங்காமை ஆகியவற்றை அந்நூல் மாணவனுக்கு விதிக்கிறது. கிதாபைப் பிழையாக ஓதியவனால் பிறர் எலும்பு முறிவதில்லை. களத்தில் ஆசான் "நிறுத்து" என்றதும் நிற்காத கம்பு, எதிரே நிற்பவனின் கண்ணைப் பறித்துவிடும். அங்கே கீழ்ப்படிதல் அலங்காரமன்று. கலையின் முதற் பாடமே அதுதான்.

கருவியைக் கையாளும் ஒழுக்கத்தையும் நபிமொழிகளில் காண்கிறோம். பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புடன் செல்வோர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள் அண்ணலார் (ஸல்). சண்டை மூண்டாலும் முகத்தில் அடிப்பதைத் தவிர்க்கச் சொன்னார்கள். மல்லரை வீழ்த்துபவனை விட, கோபத்தில் தன்னை அடக்குபவனையே வீரன் என்றார்கள். கம்பைத் தோளில் சாய்த்துப் பேரணாம்பட்டுக் கடைவீதியில் வீசி நடக்கும் பிள்ளைக்கு முதல் ஹதீஸை மட்டும் நினைவூட்டினாலே போதும்.

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஜூடோ இறுதிப் போட்டியில் எகிப்தின் முஹம்மது ரஷ்வான், ஜப்பானின் யமஷிதாவை எதிர்கொண்டார். யமஷிதாவுக்கு முந்தைய போட்டியில் வலக்காலில் அடிபட்டிருந்தது. ரஷ்வான் தோற்றார், வெள்ளிப் பதக்கமே கிடைத்தது. காயம்பட்ட காலைக் குறிவைத்து வெல்லத் தாம் விரும்பவில்லை என்றும், அது தம் மார்க்கத்திற்கு ஒவ்வாது என்றும் பின்னர் கூறினார். நேர்மைக்கான சர்வதேச விருதும் அவரை வந்தடைந்தது. மேடையேறும்போது அவர் எவ்வாறு முகமன் செய்தார் என்பதை இன்று யாரும் பேசுவதில்லை.

பிள்ளையை அனுப்புங்கள். ஆனால் சேர்க்கும் நாளிலேயே தகப்பனார் நேரில் சென்று, எங்கள் பிள்ளை குனியமாட்டான், மற்ற ஒழுங்குகள் எதிலும் குறைவைக்கமாட்டான் என்று ஆசிரியரிடம் தனியே சொல்லிவிட வேண்டும். விளக்கிச் சொன்னால் ஏற்றுக்கொள்ளும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஏற்காதவரிடம் வாதாடாமல் வேறு ஆசிரியரைத் தேடலாம். முன்கூட்டிச் சொல்லாது, வரிசையில் அனைவரும் குனிய, இவன் ஒருவன் மட்டும் விறைத்து நின்றால், அது அந்த ஆசிரியரை அவருடைய மாணவர்கள் முன்னிலையிலேயே அவமதித்ததாகிவிடும்.