பென்சில் கோடு

விடிகாலை. திருவண்ணாமலையில், பே கோபுரத்துக்குப் பின்னால் இருக்கிற தெருவிலிருந்து மலை ஏறத் தொடங்கினேன். பௌர்ணமி இல்லாத நாள், ஊர் இன்னும் சோம்பலாகக் கிடந்தது. வீடுகள் முடிந்து படிகள் தொடங்கி, மூச்சு வாங்கி நிற்கும் இடத்தில் குகை நமசிவாயர் கோயில்.

கன்னட நாட்டிலிருந்து வந்து இந்த மலையில் தங்கிவிட்டவர் அவர். வாய்த்த சீடரின் பெயரும் நமசிவாயர். ஒருநாள் சீடர் உட்கார்ந்த இடத்திலேயே தன் வேட்டியைக் கசக்கினாராம். ஏன் என்று கேட்டால், சிதம்பரம் கோயில் திரைச்சீலையில் தீப்பற்றியது, அணைத்தேன் என்றாராம். பையன் பக்குவப்பட்டுவிட்டான் என்று தெரிந்ததும் குரு அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு தறியில் இரண்டு யானை கட்டக்கூடாது, நீ சிதம்பரம் போ என்று அனுப்பிவிட்டார். பிரிந்து போன வழியில் சீடருக்குப் பசி. உண்ணாமுலையம்மனைப் பாடிக் கேட்டார். அண்ணாமலையார் கோயில் தட்டிலேயே சர்க்கரைப் பொங்கல் வந்தது என்கிறார்கள்.

தீயை அணைத்த அதிசயத்தைவிட இந்தப் பொங்கல்தான் எனக்கு நெருக்கம். வெளியூர் போகிற பிள்ளைக்குத் தூக்குவாளியில் கொடுத்தனுப்பியது போல இருக்கிறது.

*

விரூபாக்ஷ குகை. உள்ளே இருட்டு, விபூதி வாசனை, யாரோ ஒருவரின் சீரான மூச்சு. 1899 முதல் 1916 வரை ரமணர் இருந்த இடம்.

கண்ணை மூடினால் தியானம் வரவில்லை. பெயர் தெரியாத ஒரு பள்ளி ஆசிரியர்தான் வருகிறார். 1896 ஆகஸ்ட், மதுரை. பாடம் படிக்காத குற்றத்துக்கு, பெயின் என்பவரின் ஆங்கில இலக்கணத்திலிருந்து ஒரு பகுதியை மூன்று தடவை எழுதிவரச் சொல்லி பின்னாளில் ரமணர் ஆன வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையனுக்கு இம்போசிஷன். இரண்டு தடவை எழுதினான். மூன்றாவதற்கு வரும்போது இதெல்லாம் எதற்கு என்று தோன்றி, காகிதங்களைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தான். அண்ணன் பார்த்துக் கடிந்துகொண்டார். ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவன், செப்டம்பர் 1-ஆம் தேதி அருணாசலேஸ்வரர் சன்னதியில் நின்றான்.

அந்த ஆசிரியர் மறுநாள் வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் போட்டிருப்பார். தன் தண்டனை ஒருவனை எங்கே கொண்டுபோய் விட்டது என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? உங்கள் குரு யார் என்று பிற்காலத்தில் கேட்டவர்களுக்கு ரமணர் மலையைத்தான் காட்டினார். நியாயம்தான். ஆனாலும் அந்த இலக்கண வாத்தியார் என் மனதை விட்டுப் போவதில்லை.

*

இதே மலையில், 1902-இல், வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை வந்து கேள்விகள் கேட்டார். இளம் சாமியான ரமணர் அப்போது பேசுவதில்லை. பதிலை எழுதித்தான் காட்டினார். சிலேட்டில் எழுதினால் அழிக்கத்தானே வேண்டும். அழியாமல் இருந்தது கேட்டவரிடம். 1923-இல் ‘நான் யார்?’ அச்சாயிற்று. இருபத்தொரு வருஷம் ஒரு மாணவர் பொத்தி வைத்திருந்தது.

பழனிசாமி கதை இன்னும் பிடிக்கும். ரமணருக்குப் பணிவிடை செய்தவர், மலையாளி. தமிழ் வேதாந்தப் புத்தகங்களை எழுத்துக் கூட்டிப் படித்துத் திணறினார். அவர் படும் பாட்டைப் பார்க்க முடியாமல் ரமணர் தானே வாங்கிப் படித்துச் சாரத்தைச் சொன்னார். ரமணருக்குச் சாத்திரப் படிப்பு வந்தது இப்படித்தான். படிக்கத் தெரியாத மாணவர்தான் படிக்க வைத்திருக்கிறார்.

*

இறங்கி ரமணர் ஆசிரமம் வந்தேன். மயில் ஒன்று ஓட்டின் மேல் நின்று அலறியது.

முருகனார் ராமநாதபுரத்துக்காரர், தமிழாசிரியர். 1923-இல் முதன்முதலாக வந்தபோது, ரமணர் மேல் பாடிய பதிகத்தைக் கையில் வைத்திருந்தார். எதிரில் நின்று வாசிக்கத் தொடங்கினால் குரல் எழவில்லை, கண்ணீர். எத்தனை பிள்ளைகளை எழுப்பி நிறுத்திச் செய்யுள் ஒப்பிக்கச் சொல்லியிருப்பார்! ரமணர் தாளை வாங்கித் தானே வாசித்தார். பின்னாளில் முருகனார் கேட்டுக்கொண்டதால் பிறந்தது ‘உபதேச உந்தியார்’. முருகனாரின் ‘குருவாசகக் கோவை’யை ரமணர் பார்த்துத் திருத்தி, இடையிடையே சொந்த வெண்பாக்களும் சேர்த்தார். இதில் யார் யாருக்குப் பாடம் நடத்தினார் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

*

மதியம். வெயில் தாங்காமல் மரத்தடி.

எங்கள் தமிழ் ஐயா கட்டுரை நோட்டைச் சிவப்பு மையால் திருத்த மாட்டார். பிழையான சொல்லின் கீழே மெல்லிசாக ஒரு பென்சில் கோடு, அவ்வளவுதான். சரியான சொல்லை எழுதித் தரவும் மாட்டார். நாங்களே கண்டுபிடித்துத் திருத்திவிட்டால், ரப்பர் கொண்டு அந்தக் கோட்டை அழித்துவிட்டு நோட்டைத் திருப்பித் தருவார். அம்மா பார்க்கிறபோது பக்கம் சுத்தமாக இருக்கும். ஏன் இப்படிச் செய்கிறார் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவர் நடத்திய புணர்ச்சி விதிகளில் பாதி எனக்கு மறந்துபோயிற்று.

அவர் இறந்த செய்தி எனக்கு எட்டியபோது ஒரு மாதம் கடந்திருந்தது.

காலையில் குகைத் திண்ணையில் எழுதியதை இப்போது படித்துப் பார்க்கிறேன். ‘கருப்பு’ என்று எழுதியிருக்கிறேன், வல்லின ற வர வேண்டிய இடத்தில். கீழே ஒரு கோடு போட்டேன். திருத்தினேன். பையில் ரப்பர் இல்லை. விரலை ஈரப்படுத்தித் தேய்த்தால் தாள் கறுக்கிறது. கோடு போகவில்லை.