இருட்டுக்குக் குடிபோதல்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறிக் காவடி எடுப்பவர்களில் கிருத்திகையைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர்? கிண்டலுக்குக் கேட்கவில்லை. அந்த நட்சத்திரக் கூட்டம் ஆடி மாதத்தில் நள்ளிரவைத் தாண்டித்தான் கிழக்கே தலைகாட்டும். அன்றைக்கு நிலவும் அதன் பக்கத்திலேயே நிற்கும், நின்றால்தானே கிருத்திகை. போதாததற்கு மலை முழுக்க சீரியல் விளக்கு. வந்தவர்கள் முருகனைப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். அவனைப் பால் கொடுத்து வளர்த்த அறுவரும் தலைக்கு மேலே யாரும் பாராமல் கடந்துபோகிறார்கள்.

திருத்தணிக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது பள்ளிப்பட்டு. கொசஸ்தலை ஆறு, கரும்பு வயல், கிழக்கே நகரிப் பக்கத்து மலைகள், அருகே பொதட்டூர்பேட்டையின் விசைத்தறிச் சத்தம். கடைத்தெருவில் தமிழில் ஆரம்பித்த பேச்சு தெலுங்கில் முடியும். 1960 ஏப்ரல் 1 வரை இந்தப் பக்கமெல்லாம் சித்தூர் மாவட்டம், ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பிறகுதான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. குடியிருந்த வீட்டை விட்டு நகராமலேயே மாநிலம் மாறியவர்களின் ஊர்.

அறுபது வயதில், சென்னை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, வானத்தைப் படம் பிடிக்க இருட்டு தேடும் ஒருவர் வரைபடத்தை விரித்தால் இந்த ஊர் கண்ணில் படத்தான் செய்யும். திருத்தணியின் வெளிச்சமும் அதற்கும் அப்பால் சென்னையின் வெளிச்சமும் தென்கிழக்கு மூலையோடு நின்றுவிடும். சங்கடமும் உண்டு. இந்த அட்சரேகையில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து சுமார் 13 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. ஒரு தென்னை மரம் போதும், மறைத்துவிட. அதைக் குறிவைத்துத்தான் தொலைநோக்கியின் அச்சைச் சரிசெய்ய வேண்டும். அதற்கு ஈடாகத் தெற்கு வானம் திறந்து கிடக்கிறது. ஐரோப்பியர்கள் விமானம் ஏறிப் போய்ப் பார்க்கிற ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து இங்கே மொட்டை மாடியிலிருந்தே தெரியும்.

தலை நரைத்து, பேரன் முகம் பார்த்தபின் காட்டுக்குப் போ என்று தர்ம சாஸ்திரம் சொன்னது. அந்தக் கணக்கில் இது வானப்பிரஸ்தமா? அப்படிச் சொல்லி மாலை போட்டுவிடத் தோன்றும். ஆனால் காட்டுக்குப் போனவர் பாத்திர பண்டங்களைக் குறைத்துக்கொண்டு போனார். இவரோ லென்ஸ், மோட்டார், பேட்டரி, மடிக்கணினி, பனி படியாமல் இருக்க ஹீட்டர் என்று ஒரு வண்டிச் சாமானோடு போகிறார். பற்று பற்றுதான், துறவு வேஷம் அதற்குத் தேவையில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. இவ்வளவு பாடுபட்டுக் கிடைக்கும் படத்தில் இருப்பதை அவர் ‘கண்டார்’ என்று சொல்லலாமா?

கண்ணுக்குப் பொறுமை இல்லை. வந்த ஒளியைப் பத்தில் ஒரு நொடி அளவுக்குத்தான் சேர்த்து வைக்கும். பிறகு புதிதாக ஆரம்பித்துவிடும். கேமராவோ மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் திறந்தபடி இருக்கும். அப்படி நூறு படம் எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். வெறும் கண்ணுக்கு ஆறாகத் தெரியும் கிருத்திகை அப்போது நூற்றுக்கணக்கான நட்சத்திரங்களாக விரிகிறது. சுற்றிலும் நீலமாக ஒரு புகைப்படலம் எழுகிறது. கூட்டத்தில் மாயா என்ற நட்சத்திரத்தைச் சூழ்ந்த படலத்தை முதலில் பார்த்தது மனிதக் கண்ணே இல்லை. 1885இல் பாரிசில் ஹென்றி சகோதரர்கள் எடுத்த புகைப்படத் தகடுதான் பார்த்தது.

சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, ஒன்றை எப்படி அறிகிறோம் என்ற அளவைக் கணக்கை எடுத்துக்கொள்கிறது. பல அளவைகளைச் சொல்லிவிட்டுக் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் எல்லாவற்றையும் அடக்குகிறது. காட்சியிலும் நான்கு வகை: புலன் வழி வருவது, மனத்தின் வழி வருவது, இன்ப துன்பமாக உள்ளே உணர்வது, யோகக் காட்சி. யோகி இருந்த இடத்தில் இருந்தபடியே தொலைவில் உள்ளதையும் வேறு காலத்தில் உள்ளதையும் காண்பான் என்பது கடைசி வகை. கிருத்திகையின் ஒளி சுமார் 440 ஆண்டுகள் பயணம் செய்து வருகிறது. தலைக்கோட்டைப் போர் முடிந்து சுமார் இருபது ஆண்டுகளில் கிளம்பியது. வேறு தேசம், வேறு காலம், இருந்த இடம் பள்ளிப்பட்டு மாடி. யோகக் காட்சிக்கு மலம் நீங்க வேண்டும் என்று சித்தாந்தி சொல்வார். படம் பிடிப்பவரும் ஒன்றை நீக்குகிறார்: லென்ஸுக்கு மூடி போட்டு எடுத்த வெற்றுப் படத்தை, நல்ல படத்திலிருந்து கழிக்கிறார். கேமரா தானாக உண்டாக்கும் அழுக்கு அதில் போய்விடும். பழைய தருக்கிகள் ஒன்று இல்லை என்பதை அறிவதற்கும் அபாவம் என்று ஓர் அளவை வைத்திருந்தார்கள். மூடி போட்ட கேமராவைப் பார்த்திருந்தால் ரசித்திருப்பார்கள்.

வண்ணம் பற்றிய சண்டை தனி. கந்தகத்தைச் சிவப்பாக, ஹைட்ரஜனைப் பச்சையாக, ஆக்சிஜனை நீலமாகப் போடும் வழக்கம் ஹபிள் தொலைநோக்கிப் படங்களால் பரவியது. இயற்கையில் ஹைட்ரஜன் மேகம் சிவப்பு. ஏமாற்று என்று சிலர் கோபிக்கிறார்கள். கோயிலுக்குப் போய்ப் பழகியவருக்கு அவ்வளவு கோபம் வராது. கேமராவிலிருந்து வந்த கறுத்த கோப்பு மூலவர். அலங்காரம் பண்ணி வெளியே கொண்டுவருவது உற்சவர். எது மூலவர் என்பதை மறக்காதவரைக்கும் குற்றமில்லை.

பிந்திய வயதில் வானத்துக்காக வீடு மாறியவர் என்றால் ஐசக் ராபர்ட்ஸைச் சொல்லாமல் முடியாது. வேல்ஸில் 1829இல் பிறந்து, லிவர்பூலில் கட்டடத் தொழிலில் சம்பாதித்தவர். ஊருக்கு வெளியே மகுல் என்ற இடத்தில் 20 அங்குலத் தொலைநோக்கி வைத்திருந்தார். 1888 கடைசியில் அவர் எடுத்த ஆண்ட்ரோமீடா படத்தில்தான் அதன் சுருள் அமைப்பு உலகத்துக்கு முதன்முதலாகத் தெரிந்தது. அதோடு திருப்தி அடைந்திருக்கலாம். வானம் சரியில்லை என்று 1890இல், 61 வயதில், இங்கிலாந்தின் தென்கிழக்குப் பக்கம் க்ரோபரோவுக்குக் குடிபோனார். வீட்டுக்கு ‘ஸ்டார்ஃபீல்டு’ என்று பெயர், நட்சத்திர வயல். 1892 முதல் அங்கே தொலைநோக்கியை இயக்கியவர் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த டபிள்யூ. எஸ். ஃபிராங்க்ஸ். அப்படியானால் அந்தப் படங்களைக் கண்டவர் யார் என்ற கேள்வி இன்னும் ஒரு சுற்று முறுக்கிக்கொள்கிறது.

ராபர்ட்ஸ் சரியாகப் பார்த்தார், தவறாகப் புரிந்துகொண்டார். சுருளைக் கண்டவுடன், நம்முடையதைப் போல ஒரு சூரியக் குடும்பம் பிறந்துகொண்டிருக்கிறது என்று முடிவுகட்டினார். அது சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தள்ளியிருக்கும் தனிப் பால்வீதி என்பதற்கு அடிப்படையான புகைப்படத்தை எட்வின் ஹபிள் 1923 அக்டோபரில்தான் எடுத்தார். ராபர்ட்ஸின் தவறைத் திரிபுக் காட்சி என்று தள்ள முடியாது. சிப்பியை வெள்ளியாகக் கண்டவனுக்குக் கண்ணே பிசகியது. இவருக்குக் காட்சியில் பிசகில்லை, கருதலில்தான் வழுக்கியது.

1888 என்றால் திருத்தணிக்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று பிறந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். ஹபிள் அந்தப் படத்தை எடுத்த 1923இல் அவருடைய ‘இந்தியத் தத்துவம்’ முதல் பாகம் வந்தது. இதெல்லாம் தற்செயல்தான். ஆனால் அந்த நூலின் முன்னுரைப் பகுதியில் அவர் ‘தர்சனம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறார். புலனால் காண்பது, கருத்தால் அறிவது, உள்ளுணர்வால் உணர்வது மூன்றும் அதில் அடங்கும் என்கிறார். தத்துவத்துக்கே ‘பார்வை’ என்று பெயர் வைத்த மரபு இது.

அதே வேர்ச்சொல் நம் வீட்டு ஆணியிலும் தொங்குகிறது. திருக்கணிதப் பஞ்சாங்கம் என்பதில் உள்ள ‘திரு’ மங்கலத் திரு இல்லை. ‘த்ருக்’, அதாவது பார்வை. கண்ணால் கண்டதோடு ஒத்துப்போகும் கணிதம். சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். பஞ்சாங்கத்தை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தவேண்டும் என்று வாதாடியவரும் அவர்தான். வாக்கியப் பஞ்சாங்கக்காரர்களுக்கு முன்னோர் சொல் பிரமாணம். அவருக்குத் தொலைநோக்கியும் பிரமாணம். காட்சியா உரையா என்ற பழைய வழக்குத்தான். சனிப்பெயர்ச்சி தேதி இரண்டு பஞ்சாங்கத்தில் இரண்டு விதமாக வரும்போதெல்லாம் அந்த வழக்கு மறுபடி விசாரணைக்கு வருகிறது.

எல்லோரும் விரும்பிக் குடிபோனவர்கள் அல்ல. ராதாகோவிந்த சந்திரா ஜெசோர் கருவூலத்தில் நாணயம் சோதிக்கும் சின்ன வேலையில் சேர்ந்தவர், மெட்ரிகுலேஷனில் தேறாதவர். 37,000க்கும் மேற்பட்ட முறை மாறொளி நட்சத்திரங்களின் ஒளியைக் கணித்து, அவற்றை நோக்குவோருக்கான அமெரிக்கச் சங்கத்துக்கு எழுதி அனுப்பினார். அவர்கள் 1926இல் அவருக்கு 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடனாக அனுப்பினார்கள். தேசப் பிரிவினை வந்தது. எழுபதை ஒட்டிய வயதில் ஊரை விட்டு மேற்கு வங்கத்தின் பாராசாத்துக்கு வந்து சேர்ந்தார். 1975இல் வறுமையில் இறந்தார். அந்தத் தொலைநோக்கி பின்னாளில் வானியலாளர் வைணு பாப்புவின் கைக்குப் போய், ஜவ்வாது மலையில் அவர் இருட்டு பார்த்து அமைத்த காவலூர் வானாய்வகத்துக்கு வந்தது. சந்திராவிடம் கேமரா கிடையாது. கண்ணும் பென்சிலும்தான்.

இருட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பட்டணத்திலிருந்து வருபவருக்கு இருட்டு ஒரு செல்வம். தறி முடிந்து இரவில் வீடு திரும்பும் பெண்ணுக்கும், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்கும் அது பாம்பு, பயம். தெருவிளக்குக்கு மனு எழுதிக் கேட்டு வாங்கிய தெருவில், நேற்றுக் குடிவந்தவர் அதை அணைக்கச் சொன்னால் ஊர் சிரிக்காது, சண்டைக்கு வரும், வரவும் வேண்டும். லடாக்கின் ஹான்லேயில் 2022இல் இருள்வானக் காப்பிடம் அறிவித்தபோது விளக்குக்கு மறைப்புப் போட்டு வெளிச்சத்தைத் தரையோடு நிறுத்தப் பார்த்தார்கள். ஊர்க்காரர்களையே வானம் காட்டுபவர்களாகப் பழக்கினார்கள். பள்ளிப்பட்டில் அவ்வளவு வேண்டாம். ஒரு விளக்குக்குத் தகரக் குடை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சனியின் வளையம். அதற்குப் பிறகு பேசிப் பார்க்கலாம்.

மார்கழிக்கு வானம் கழுவி விட்டதுபோல இருக்கும். டிசம்பர் 31 இரவு திருத்தணியில் திருப்படித் திருவிழா. மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு வள்ளிமலைக்கு வந்து தங்கிய சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்தது; புத்தாண்டுக்குத் துரைமார் வீட்டு வாசலில் நிற்பதற்குப் பதில் முருகன் வாசலில் நிற்கட்டும் என்று. 365 படிக்கும் பூசை, படிக்குப் படி திருப்புகழ். அன்று இரவு ஒன்பது மணி வாக்கில் கிருத்திகை ஏறக்குறைய நடு உச்சியில் நிற்கும். பள்ளிப்பட்டு மாடியில் கேமரா திறந்திருந்தால், தென்கிழக்கு ஓரத்தில் மலை விளக்குகளின் மங்கலான வெளிறல் ஒன்று படத்தில் ஏறும். கணினியில் அதைக் கழிக்க இரண்டு நிமிடம் ஆகாது. கழிப்பதா, விட்டுவைப்பதா என்று கொஞ்ச நேரம் கை தயங்கும்.