படுக்கைக் கணக்கு

ஒரு படுக்கை, இரண்டு நோயாளிகள். பிழைக்கக்கூடியவருக்கே படுக்கை என்பது பயன்வாதத்தின் பதில். இன்ப துன்பங்களைக் கூட்டிக் கழித்து, மிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே நியாயம். வங்கிக் குமாஸ்தாவான எனக்கு இதில் ஒரு கவர்ச்சி உண்டு. இந்தக் கணக்கில் துரையும் கூலியும் ஆளுக்கு ஒன்றுதான். கருணையற்றது என்று இதைத் தள்ளிவிடுவது சோம்பேறித்தனம்.

பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரி நர்ஸ் அருணா ஷான்பாக் 1973இல் அங்கேயே தாக்கப்பட்டு, மூளை சிதைந்து, 2015இல் இறக்கும்வரை அந்த ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். எண்பதுகளில் படுக்கையைக் காலிசெய்ய மாநகராட்சி முயன்றபோது நர்ஸுகள் போராடித் தடுத்தார்கள். அவரை இறக்கவிடக் கோரிய மனுவை 2011இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. அவருக்காகப் பேசும் உரிமை அந்த ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கே என்றது.

அவர்கள் செய்ததை எந்தப் பத்தியில் பதிவது? தவிர, அருணா அவர்களில் ஒருத்தி. முன்பின் தெரியாத ஒருத்தியாக இருந்திருந்தால்? அந்தப் படுக்கைக்காகக் காத்திருக்கக்கூடிய இன்னொருத்திக்கு யார் போராடுவது? இதைக் கேட்கப் பயன்வாதிக்கு உரிமை உண்டு.

வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு பேர் உயிருக்குப் போராட, வண்டி ஒன்றே இருந்தால் யாரை ஏற்றுவது? வளைவுகள் மலையின் காரியம். வண்டி ஒன்று என்பது மலையின் காரியமல்ல. இங்கே டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் எழுதிய 'ரெட் டீ' நாவலில், தோட்டங்களில் கூலிகள் காய்ச்சலில் மடிகிறார்கள். அவர்கள் உடம்பு அங்கே வெறும் செலவினம். 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியை முதலாளியின் கடமையாக்கியது. அதாவது, படுக்கைகளின் எண்ணிக்கை யாரோ நிர்ணயிப்பது என்பது சட்டத்திலேயே ஏறிவிட்டது.

பெந்தம் 1789இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே ஒழுக்கத்தோடு சட்டமியற்றலும் இருக்கிறது. அவர் கணக்கு முதன்மையாகச் சட்டம் செய்கிறவனுக்கு. நாம் அதை இரவு டியூட்டி நர்ஸின் கையில் கொடுத்துவிட்டோம். பம்பாய் நர்ஸுகள் செய்தது, போடவேண்டியவர்களிடமே கணக்கைத் திருப்பி அனுப்பியது என்றுதான் எனக்குப் படுகிறது.

இருந்தும் அன்றிரவு யாரையாவது ஏற்றித்தான் ஆகவேண்டும். பிழைக்கக்கூடியவரை ஏற்றுவதுதான் சரியாகவும் இருக்கும். ஆனால் அது சரியாக இருந்துவிட்டதாலேயே, வண்டி ஏன் ஒன்று என்று மறுநாள் யாரும் கேட்பதில்லை. விடுபட்டவரின் பக்கத்தில் விடியும்வரை உட்கார்ந்திருப்பவளும் அந்த நர்ஸ்தான்.