என்றும் புதிய திருக்கோயில்

ஜப்பானின் மியே மாநிலத்தில் உள்ளது ஈசே திருத்தலம். ஷின்டோ சமயத்தினர் தங்கள் தலங்களுள் தலையாயதாகப் போற்றுவது இதனையே. இங்குள்ள உட்கோயிலில் சூரிய தேவியாகிய அமதெராசுவும், சிறிது தொலைவிலுள்ள வெளிக்கோயிலில் உணவருளும் தேவியாகிய தொயோஉகேயும் வழிபடப்படுகின்றனர்.

உட்கோயிலுக்கு வரும் யாத்திரிகர்கள் இசுசு நதியின் பாலத்தைக் கடந்து, நீரால் தங்களைத் தூய்மை செய்துகொள்கின்றனர். சன்னதியின்முன் இருமுறை தலைதாழ்த்தி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குகின்றனர். கருவறையில் தேவியின் திருச்சின்னமாக விளங்கும் கண்ணாடியை எவரும் காண்பதில்லை. காணாததை வணங்குவதே இங்கு வழிபாடு.

இக்கோயிலின் வயது என்ன? புதுப்பிக்கும் மரபு தொடங்கியது கி.பி. 690-இல், இப்போதுள்ள கோயில் எழுந்ததோ 2013-இல். இரண்டும் உண்மையே. இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை, பக்கத்து நிலத்தில் அதே வடிவில் ஹினோகி மரத்தால் புதிய கோயில் எழுப்பப்படுகிறது. இரவின் இருளில் தெய்வம் அங்கே எழுந்தருளச் செய்யப்படுகிறது. பழைய மரங்கள் வீணாவதில்லை. பிற கோயில்களுக்குப் பயன்படுகின்றன. 2013-இல் நிகழ்ந்தது 62-ஆவது புதுப்பிப்பு, அடுத்தது 2033-இல்.

ஆயினும் இம்மரபும் ஒருமுறை அறுந்தது. உள்நாட்டுப் போர்களால் நாடு சிதறுண்ட காலத்தில், 120 ஆண்டுகளுக்கும் மேலாகப் புதுப்பிப்பு நடைபெறவில்லை. அதனை மீட்டவர் யார்? கெய்கோஇன் மடத்தைச் சேர்ந்த செய்ஜுன் என்னும் பௌத்தத் துறவினி! அவர் திரட்டிய காணிக்கையால் 1563-இல் வெளிக்கோயில் புதுப்பிக்கப்பட்டது. அவர்வழி வந்த ஷூயோவின் முயற்சியால் 1585-இல் இரு கோயில்களும் புதுப்பொலிவு பெற்றன. பௌத்தத் துறவியர் அந்நாளில் சன்னதியை நெருங்க அனுமதிக்கப்படவில்லை. தனியிடத்தில் நின்றே வணங்கினர். தாம் அணுக முடியாத சன்னதிக்காக அவர்கள் உழைத்தனர். பலனைக் கருதாத தொண்டு இதுவன்றோ!

மரம் உளுத்துப்போகும், கூரை சிதையும். தச்சரின் கையிலிருந்து மாணவனின் கைக்குச் செல்லும் அறிவே கோயிலை வாழவைக்கிறது. ஒரு தலைமுறை கைசோர்ந்தால், ஆயிரம் ஆண்டு மரபும் நின்றுவிடும். சமய வாழ்வும் அத்தகையதே. முன்னோர் செய்த தவம் பெருமைக்குரியது. ஆனால் அது நமது தவமாகிவிடாது. நேற்றைய பிரார்த்தனை இன்றைக்குப் போதாது. உள்ளமென்னும் கோயிலை ஒவ்வொருவரும் தம் கைகளால் மீண்டும் மீண்டும் எழுப்பியாக வேண்டும். அவ்வாறு எழுப்புபவரிடத்தில்தான் தொன்மையானது என்றும் புதியதாக விளங்குகிறது.