மெல்லிய தென்காற்றை நம்பாதிருங்கள்



இந்த மாதம் என் சொந்தத் தவறு ஒன்றை உங்களுக்கு முன்பாக அறிக்கையிட ஆவியானவர் என்னை ஏவுகிறார். பழைய விசுவாசிகளுக்கு இது தெரியும். புதிதாக வந்திருக்கிற குடும்பங்களுக்குத் தெரியாது. பனிக்காலம் தொடங்கிவிட்டது, ஆகையால் அவர்களும் அறிய வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு ஜனவரி மாதம், சனிக்கிழமை. பாரி நகரில் புதிதாகக் குடியேறிய ஒரு குடும்பத்தின் வீட்டில் அன்று மாலை ஜெபக்கூட்டம். ஸ்காபரோவிலிருந்து 400-ம் நெடுஞ்சாலையால் போனால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே செல்லும். அன்று மத்தியானம் வெளியே 5 பாகை. தென்மேற்கிலிருந்து இதமான காற்று. கூரைப் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு விளையாடினார்கள்.

ஆனால் ரேடியோவில் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள்: மாலையில் ஆர்க்டிக் குளிர்முகம் கடக்கும், நனைந்த வீதிகள் சடுதியில் உறையும், அதன் பின்னாலே ஜோர்ஜியன் குடாப் பக்கமிருந்து ஸ்னோ ஸ்குவால் வரும், அவசியமில்லாத பயணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்று. சபையின் மூப்பர் ஒருவர் எனக்குப் போன் எடுத்தார். "பாஸ்டர், வார்னிங் போட்டிருக்கினம். இண்டைக்கு விடுவமே?" என்றார். நான் ஜன்னலால் பார்த்தேன். நல்ல வெயில். "அண்ணை, இது கர்த்தருடைய வேலை. பிசாசுதான் பயங்காட்டுறான். ஒண்டும் நடவாது, வெளிக்கிடுங்கோ" என்றேன். போதகர் சொன்ன பிறகு அவர் என்ன சொல்லுவார்? ஏழு பேர் மினிவானில் ஏறினோம். பாடிக்கொண்டே போனோம்.

வழியிலே காற்று சட்டென்று வடமேற்காகத் திரும்பி வண்டியைத் தள்ளியது. கொஞ்ச நேரம் பனி தூவி நின்றது. வானம் வெளித்தது. "பாத்தீங்களோ, அவ்வளவுதான்" என்று சொன்னவனும் நானே. இனிஸ்ஃபில் கிட்ட வந்தபோது எதிரே வெள்ளைச் சுவர் ஒன்று நின்றது. அதற்குள் நுழைந்ததும் வண்டியின் முன்பக்கமே கண்ணுக்குத் தெரியவில்லை. பிரேக்கில் கால் வைத்தேன். உறைந்த வீதி. வான் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கி நின்றது.

911-க்கு அழைத்தோம். வீதி மூடப்படுகிறது, வண்டியை விட்டு இறங்காதீர்கள் என்றார்கள். ஐந்து மணி நேரம் இருந்தோம். பின் ஆசனத்தில் எழுபது வயது அம்மா ஒருவர் உதடு மட்டும் அசைய ஜெபித்துக்கொண்டிருந்தார். நம்முடைய ஆராதனையில் கிற்றார் வாசித்த தம்பி, முன்னால் ஏதோ லொறியின் சிவப்பு வெளிச்சம் தெரிகிறது, உதவி கேட்டு வாறன் என்று இறங்கினார். கையுறை இல்லை. பத்தடி போனவருக்குத் திரும்பும் திசை தெரியவில்லை. ஹோர்னை அடித்துக்கொண்டே இருந்தோம். அந்தச் சத்தத்தைப் பிடித்து அரை மணி நேரத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தார். விரல்கள் மெழுகு போல வெளுத்திருந்தன. உயிர் தப்பியது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் இடது கையில் இரண்டு விரல் நுனிகளை வைத்தியர்கள் எடுக்க வேண்டியதாயிற்று. கிற்றாரின் நரம்பை அழுத்துகிற விரல்கள்.

அவர் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆகையால்தான் நானே சொல்லுகிறேன்.

அதற்குப் பிறகு இந்தக் குளிர் எப்படி வருகிறது, அதை எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்று தேடி வாசித்தேன். வடதுருவப் பக்கம் குளிர்காலத்தில் மாதக்கணக்காகச் சூரியன் உதிப்பதில்லை. அந்த இருட்டில் காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கும். அது தெற்கே இறங்கி, இங்கேயுள்ள வெப்பக் காற்றின் அடியில் புகுந்து அதை மேலே தூக்குகிறது. அந்த முன் விளிம்புதான் குளிர்முகம். குளிர்காற்று இன்னும் உறையாத ஏரித் தண்ணீரைக் கடக்கும்போது சூட்டையும் ஈரத்தையும் வாங்கிக்கொள்ளுகிறது. தண்ணீருக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்திலுள்ள காற்றுக்கும் 13 பாகை வித்தியாசம் இருந்தால் போதும், பனி மேகங்கள் ஒடுங்கிய நீண்ட பட்டைகளாய் எழும்பிக் கரைக்கு வரும். பட்டைக்குள்ளே கண் தெரியாது. சில கிலோமீட்டர் தள்ளி வெயில் எறிக்கும். காற்று கொஞ்சம் திரும்பினால் பட்டையும் திரும்பும். ஆகையால் எந்தத் தெரு என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, பிரதேசம் முழுவதுக்கும் எச்சரிக்கை போடுகிறார்கள். நம்மவர்கள், "போன கிழமையும் சொன்னவை, எங்கட பக்கம் ஒண்டும் வரேல்லை" என்று சிரிக்கிறார்கள். எச்சரிக்கை பொய்யல்ல. பட்டை உன் வீட்டைத் தாண்டிப் பக்கத்து ஊரில் இறங்கிற்று, அவ்வளவுதான்.

கனடாவின் வட கோடியில், துருவத்திலிருந்து ஏறக்குறைய 817 கிலோமீட்டரில், அலேர்ட் என்று ஓர் இடம் உண்டு. 1875-76-ல் அதன் கிட்டே குளிர்காலத்தைக் கழித்த ஒரு கப்பலின் பெயர் அது. விழிப்பாயிரு என்று அர்த்தம். 1950-ல் அங்கே வானிலை நிலையம் அமைத்தார்கள். ஆர்க்டிக் நிலையங்களிலிருந்து நாளுக்கு இரண்டு தரம் பலூன் விட்டு மேல்காற்றை அளக்கிறார்கள். நாம் போர்வைக்குள் உறங்கும்போது யாரோ நமக்காக அந்த இருட்டில் காவல் காக்கிறார்கள். எசேக்கியேல் 33-ம் அதிகாரத்தின் காவற்காரனை நினைத்துப் பாருங்கள். அவன் எக்காளம் ஊதியும் கேளாதவனுடைய இரத்தப்பழி யார்மேல்?

ஆனால் என்னை உடைத்தது வேறொன்று. அன்று மத்தியானம் வீசிய இதமான காற்று இருக்கிறதே, அது குளிருக்கு எதிரானதல்ல. குளிர்முகத்துக்கு முன்னாலே தெற்கிலிருந்து வெப்பக் காற்று வருவது வழக்கம். ஒரே புயல்தான் முன்பக்கம் தென்காற்றையும் பின்பக்கம் வடகாற்றையும் இழுத்துக்கொண்டு வருகிறது. எந்த இதத்தைப் பார்த்து நான் "ஒண்டும் நடவாது" என்றேனோ, அதுவே புயலின் முதல் அடையாளம்!

உடனே அப்போஸ்தலர் 27-ம் அதிகாரம் ஞாபகத்துக்கு வந்தது. பவுல் கைதியாய்க் கப்பலில் இருக்கிறார். பனிக்காலம் நெருங்கிவிட்டது, இனிப் பயணம் ஆபத்து என்று எச்சரிக்கிறார். நூற்றுக்கு அதிபதியோ மாலுமியையும் கப்பல் சொந்தக்காரனையும் நம்புகிறான். அப்போது என்ன நடந்தது? தெற்கிலிருந்து மென்மையான காற்று வீசிற்று. எண்ணியது கைகூடிற்று என்று நினைத்து நங்கூரம் தூக்கினார்கள். சற்று நேரத்துக்குள் யூரோக்கிலிதோன்! பதினாலாம் இரவுவரை அலைக்கழிந்தார்கள். 276 பேரும் உயிர் தப்பினார்கள், கப்பல் போயிற்று. கிருபை உயிரைக் காத்தது. ஆனால் கேளாமையின் நஷ்டம் நஷ்டமாகவே நின்றது. எங்களுக்கும் அப்படியே.

இது எனக்கு மாத்திரம் நடந்ததல்ல. 2010 டிசம்பரில் சார்னியாவுக்குக் கிழக்கே 402-ம் நெடுஞ்சாலையில் முந்நூறு பேரளவில் பனியில் சிக்கி, இராணுவ ஹெலிகொப்டர்கள் வந்து பலரை மீட்டன. 2014 பெப்ரவரியில் நாங்கள் வழுக்கிய அதே 400-ம் நெடுஞ்சாலையில், ஒரே ஸ்குவாலில், நூறு வாகனங்களளவு ஒன்றோடொன்று மோதின. 2022 கிறிஸ்மஸ் நாட்களில் பஃபலோ பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மரித்தார்கள். அங்கே எச்சரிக்கை நாட்களுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது.

இப்போது சிலர் என்னிடம் கேட்கிறார்கள். "என்ன பாஸ்டர், வார்னிங் எண்டவுடனே கூட்டத்தை நிப்பாட்டுறீங்கள், விசுவாசம் இல்லையோ?" பிரியமானவர்களே, தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று ஆண்டவரிடம் சொன்னது யார்? பிசாசு அல்லவா! அவர் குதிக்கவில்லை. தேவனைப் பரீட்சை பார்ப்பது விசுவாசமல்ல. அன்று நான் விசுவாசம் என்று சொன்னது என் பிடிவாதம். அதுவும் என் உயிரை மட்டுமல்ல, என்னை நம்பின ஆறு பேரின் உயிரையும் வைத்து.

ஆகையால் சபையாருக்கு என் வேண்டுகோள். 'வாட்ச்' என்றால் வரக்கூடும், ஆயத்தப்படுங்கள். 'வார்னிங்' என்றால் வருகிறது அல்லது வந்துவிட்டது, நில்லுங்கள். 2025 நவம்பரிலிருந்து மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறமும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். சிவப்பே மிகக் கடுமையானது. வழியில் சிக்கினால் வண்டியை விட்டு இறங்கி நடக்காதீர்கள். புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், அடைத்தால் நச்சுப்புகை உள்ளே வரும். மணிக்குப் பத்து நிமிஷம் இயந்திரத்தை ஓடவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். போர்வை, கையுறை, தண்ணீர், மெழுகுதிரி வண்டியில் இருக்கட்டும்.

இனி உன் உள்ளத்தைப் பார், தேவ பிள்ளையே! இன்று உன் வீட்டில் தென்காற்று வீசுகிறதா? இரண்டு வேலை, புது வீடு, கையில் காசு. குடும்ப ஜெபம் நின்று ஆறு மாதம். பேஸ்மென்டில் சனிக்கிழமைதோறும் போத்தல் திறக்கிறது. மனைவி அழுது எச்சரித்தாள், மகன் முகம் திருப்பினான், மனச்சாட்சி இரவில் தட்டிற்று. நீயோ ஜன்னலால் பார்த்து, "வெயில்தானே எறிக்குது" என்கிறாய். எச்சரிக்கை எப்போதும் வெயிலில்தான் வரும். புயலுக்குள் வந்தால் அது எச்சரிக்கையல்ல, தண்டனை. வெயில் இருக்கும்போதே திரும்பு!

அந்தத் தம்பி இப்போது கிற்றார் வாசிப்பதில்லை. ஞாயிறுதோறும் முன்னால் நின்று பாடுகிறார், கையைத் தட்டுகிறார். அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் நான் ஆண்டவரிடம் மறுபடியும் மன்னிப்புக் கேட்கிறேன். அல்லேலூயா சொல்லவும் செய்கிறேன்.

ஜெபிப்போம்: அன்பின் பிதாவே, எச்சரிப்பைக் கேட்கிற செவியை எங்களுக்குத் தாரும். எங்கள் பிடிவாதத்தை விசுவாசம் என்று அழைக்காதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். இந்தக் குளிர்காலத்தில் வீதியில் போகிற ஒவ்வொருவரையும் பத்திரமாய் வீடு சேரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்