ராத்திரி என்ன சாப்பிட்டார்?

துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கிற ஒரு கேள்வி எனக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டு நிற்கிறது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தூக்கத்திலேயே போய்விட்டார். எண்பதைத் தாண்டியவர், இதயத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். முந்தின நாள் பக்கத்து வீட்டு அக்கா அயிரை மீன் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தார். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் மாலையும் கையுமாக வந்தவர்கள் ஒவ்வொருவரும் "ராத்திரி என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார்கள். வீட்டார் "மீன் குழம்பும் சோறும்" என்றார்கள். அந்த அக்கா அங்கேயேதான் நின்றிருந்தார்.

பௌத்தத்தைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். லும்பினியில் புத்தரின் பிறப்பு, புத்தகயையில் ஞானம், சாரநாத்தில் ஐந்து துறவிகளுக்கு முதல் உபதேசம்: துக்கம் உண்டு, அதற்குக் காரணம் வேட்கை, அதை நிறுத்த முடியும், நிறுத்தும் வழி எட்டு உறுப்புடைய மார்க்கம். இந்த வரிசையிலேயே போயிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியோடு சுந்தன் குறுக்கே வந்துவிட்டான்.

சுந்தன் பாவா என்ற ஊரின் கொல்லன். பௌத்த நூலான தீக நிகாயத்தில், புத்தரின் கடைசி நாட்களைச் சொல்லும் மகாபரிநிர்வாண சூத்திரத்தில் வருகிறான். 80 வயதுப் புத்தர் அவனுடைய மாந்தோப்பில் தங்குகிறார், மறுநாள் விருந்து. குறிப்பிட்ட ஒரு பதார்த்தத்தைத் தனக்கு மட்டும் பரிமாறச் சொல்கிறார். மற்ற பிக்குகளுக்கு வேறு உணவு. சாப்பிட்டு முடித்ததும் மிஞ்சியதைக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்கிறார். அது பன்றி இறைச்சியா காளானா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். எனக்கு அதில் அக்கறையில்லை. அந்தக் குழிதான் உறுத்துகிறது.

பிறகு இரத்தபேதி. அந்த வலியோடு குசிநாரா நோக்கி நடக்கும் வழியில் புத்தர் தன் சீடர் ஆனந்தரிடம் ஒரு செய்தி சொல்கிறார். சுந்தனை யாராவது மனம் வருந்தச் செய்யக்கூடும். ஞானம் பெறுவதற்குமுன் உண்ட உணவும் பரிநிர்வாணத்துக்குமுன் உண்ட உணவும் சம பலன் உடையவை, மற்றெந்தத் தானத்தையும்விட மேலானவை என்று அவனிடம் சொல், என்கிறார். முதல் உணவு சுஜாதை கொடுத்த பாற்சோறு என்பது மரபு. 'யாராவது வருந்தச் செய்யக்கூடும்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அந்த யாராவது யாரென்று எனக்குத் தெரியும். மாலையோடு வருவார்கள், உள்ளே ஒரு கெட்ட எண்ணமும் இருக்காது.

சின்ன வயதில் அப்பத்தா யார் வீட்டுக்காவது கறிக்குழம்பு கொடுத்துவிட்டால், தூக்குச் சட்டியின் மூடிமேல் ஒரு கரித்துண்டை வைப்பார். அந்தி வேளையில் கவிச்சி வாசனைக்குக் காத்து கருப்பு பின்னால் வருமாம். கொண்டுபோகிறவன் நான், கை கரியாவது ஒன்றுதான் என் கவலை. அது பேய்க்காகவா என்று இப்போது சந்தேகமாயிருக்கிறது. சோறு கொடுப்பது சாமானியக் காரியமல்ல. கொடுத்தது இன்னொரு உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்பது கொடுத்தவர் கையில் இல்லை. அந்தப் பயத்துக்குத்தான் கரித்துண்டோ என்னவோ. மணிமேகலையின் அமுதசுரபியில் அள்ள அள்ளக் குறையாத சோறு வந்தது. அதை உண்டவர்களில் ஒரு கிழவர் மறுநாளே இறந்திருந்தால் புகார் நகரம் என்ன பேசியிருக்கும்? அந்தக் காப்பியத்தை எழுதிய சாத்தனார் அந்தப் பக்கம் போகவில்லை.

பௌத்தத்தில் வினை என்பது எண்ணம். மனம் எண்ணித்தான் உடலும் வாயும் செயல்படுகின்றன. ஆகவே பாவமும் புண்ணியமும் எண்ணத்தில் தொடங்குகின்றன. சமணரோடு புத்தருக்கு இருந்த பெரிய வழக்கே இதுதான்: உடலால் செய்வது கனமானதா, மனத்தால் செய்வதா? புத்தர் மனத்தின் பக்கம் நின்றார். அந்தக் கணக்கில் சுந்தன் அப்போதே விடுதலை. சார்பில் தோற்றம் என்ற கொள்கையும் அவனுக்குத் துணை: எதுவும் ஒற்றைக் காரணத்தால் நிகழ்வதில்லை. அந்த விருந்துக்கு முந்தைய மழைக்காலத்திலேயே புத்தர் கடும் நோயில் விழுந்து எழுந்தவர். தன் உடம்பை வாரால் கட்டி ஓட்டும் பழைய வண்டி என்று அவரே சொன்னவர்.

பல நூற்றாண்டுகளுக்குப்பின் எழுந்த மிலிந்த பஞ்ஹா என்ற நூலில், கிரேக்க அரசன் மிலிந்தன் நாகசேனர் என்ற பிக்குவிடம் இதைக் கேட்கிறான். நோய் தந்த உணவுக்கு எப்படி அவ்வளவு பலன்? நாகசேனர் உணவின்மேல் பழியில்லை, உடம்பின் தளர்ச்சிதான் காரணம் என்கிறார். நல்ல பதில். எங்கள் தெருவிலும் ஒருவர் அந்த அக்காவிடம் அதைத்தான் சொன்னார்: "வயசாச்சும்மா, மீன் என்ன பண்ணும்?" அக்கா தலையாட்டினார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

இந்தப் பதிலை ஏன் புத்தரே சொல்லியனுப்பவில்லை? காரணங்களை இழை இழையாகப் பிரித்துக் காட்டுவதே அவர் வேலை. அவருக்கு அது எளிது. ஆனால் 'உன் உணவு காரணமில்லை' என்று அவர் சொல்லவில்லை. குழி தோண்டச் சொன்னவர் அப்படிச் சொல்லியிருந்தால் சுந்தன் நம்பியிருக்கவும் மாட்டான். காரணத்தைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டு, கொடுத்ததன் பெருமையை மட்டும் சொல்லியனுப்புகிறார். அது உண்மையின் ஒரு பக்கமா, வருந்துகிறவனுக்காகத் தேர்ந்தெடுத்த இதமா? கருணை என்று சொல்லிவிடலாம். ஆனால் உள்ளதை உள்ளபடி காண்பது என்று நாற்பத்தைந்து ஆண்டு போதித்தவர் இந்த ஒரு கொல்லனுக்காக அதில் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. தளர்த்தவில்லை என்றால், குழியும் புண்ணியமும் ஒரே உண்மையின் இரண்டு பாகங்களாக இருக்க வேண்டும். அவை எப்படிப் பொருந்துகின்றன என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனந்தர் பாவாவுக்குப் போய்ச் சுந்தனிடம் அந்தச் செய்தியைச் சொன்னதாகவும் சூத்திரத்தில் இல்லை.