கள்ளச்சாவியும் அமானிதமும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் ஜெராக்ஸ் கடை நடத்தும் நம் பிள்ளைகள் சிலர், விண்டோஸை விலை கொடாமல் திறக்க ‘கேஎம்எஸ்பிகோ’ என்னும் கள்ளச்சாவியைப் போடுகின்றனர். அது முதலில் கேட்பதென்ன? வைரஸ் தடுப்பை நிறுத்து என்பதே! 2021-இல் அதன் பெயரால் உலவிய போலிகளில் ‘கிரிப்ட்பாட்’ என்னும் கடவுச்சொல் திருடி ஒளிந்திருந்தது. மேலே காய்ந்து உள்ளே நனைந்திருந்த தானியக் குவியலில் நாயகம் (ஸல்) அவர்கள் கை நுழைத்துக் கண்டித்த வரலாறு நாமறிந்ததே.

ஆக்கியோனின் உரிமையை மீறலாகாதென 1988-இல் குவைத்தில் கூடிய ஃபிக்ஹு அகாடமி தீர்மானித்தது. அது கடைக்காரரின் கணக்கு. ஹஜ் விண்ணப்பத்துக்காக வரும் மூதாட்டி நீட்டும் ஆதாரும் பாஸ்புக்கும் யாருடைய அமானிதம்? திருடனுக்குக் கதவைத் திறந்துவைத்த பெட்டியில் அவற்றை ஏற்றலாமா?

லினக்ஸும் லிப்ரே ஆபீஸும் ஆக்கியோரின் சம்மதத்தோடேயே இலவசமாய்க் கிடைக்கின்றன. கள்ளச்சாவி போட்டவர் பெட்டியை முழுதும் அழித்து, வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுக.